சிரட்டைகள் கவிழ்ந்த களம்

“தோற்காமல் போரிடுவது எப்படி என்று கற்றுத்தர வேண்டும். மழை நிற்பதற்குள் கற்றுத்தர வேண்டும்.”

படைத்தலைவர் கொற்றன் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். அவருடைய தலைப்பாகையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிராது. கொற்றனுக்கோ அறுபது நிறைந்திருந்தது.

“காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள், ஐயா.”

“உன்னிடம் சொல்லவில்லை, பெண்ணே. இந்தக் குன்றின்மேல் களம் விரிக்கும் ஆசான் ஒருவர் இருக்கிறாராம். அவரை அழை.”

“அழைக்க வேண்டியதில்லை.”

“உறங்குகிறாரோ?”

“இல்லை. அரிசி புடைக்கிறார்.”

கொற்றன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செம்பை எடுத்துக் காலில் நீர் ஊற்றிக்கொண்டார்.

அவள் பெயர் வேம்பி.

*

மழை ஓய்ந்து ஆற்றில் வெள்ளம் வடிந்தவுடன் கல்மலைக் கோட்டையின்மீது படை நடத்த வேண்டும் என்பது அரசரின் ஆணை. படைக்கு முன்னே செல்லும் தூசிப்படையைத் தித்தன் நடத்த வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருந்தது.

தித்தன், கொற்றனின் ஒரே மகன்.

“கோட்டை விழ வேண்டும். என் மகன் விழக்கூடாது” என்றார் கொற்றன். “இந்த இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் இவ்வளவு மேடு ஏறி வந்திருக்கிறேன்.”

“சென்ற ஆண்டும் அந்தக் கோட்டைக்குப் போனீர்கள் அல்லவா?”

“போனேன். வெல்ல இயலவில்லை. ஆனால் படையை அழியாமல் மீட்டுக்கொண்டு வந்தேன்.”

“எவ்வாறு?”

கொற்றனின் முகம் மலர்ந்தது. இந்தக் கதையை அவர் அரசவையில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“படையின் வாலாகிய கூழைப்படையை ஆற்றின் அக்கரையில் நிறுத்தினேன். தூண்டிலில் புழு வைப்பதுபோல வைத்தேன். பகைவர் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த இடைப்பொழுதில் நாங்கள் ஆற்றைக் கடந்துவிட்டோம். அரசர் எனக்குப் பொற்கழல் அணிவித்தார்.”

“கூழைப்படை?”

“அதைத்தானே சொன்னேன்.”

“அவர்களைத் தேடி யாரும் போகவில்லையா?”

“மழை பிடித்துக்கொண்டது” என்றார் கொற்றன்.

வேம்பி முறத்தைக் கீழே வைத்தாள்.

*

உள்கூடத்தின் நடுவில் ஒரு பெரிய கற்பலகை கிடந்தது. அதன்மேல் கட்டங்கள் செதுக்கப்பட்டிருந்தன. குறுக்கே ஓர் ஆறு. கோடியில், உள்ளங்கை அளவில், ஒரு கற்கோட்டை.

இப்புறத்தில் சில கட்டங்கள் திறந்திருந்தன. மற்றக் கட்டங்கள் அனைத்தின்மேலும் தேங்காய்ச் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பழைய சிரட்டைகள், கறுத்து, எண்ணெய் ஏறி மினுமினுத்தன.

திறந்த கட்டங்களில் களிமண் பொம்மைகள் நின்றன.

கொற்றன் வாய்விட்டுச் சிரித்தார்.

“என் பேத்தி இருந்தால் சொப்புச் சட்டியில் இவற்றுக்குச் சோறு பொங்கியிருப்பாள்.”

“பேத்திக்கு முதலில் தோன்றுவதுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கிறது. பரவாயில்லை, அமருங்கள்.”

அவள் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“இவை காலாட்கள். இவை வில்லாட்கள், மேட்டில் நின்றால் இருமடங்கு எட்டும். இது யாளி. பாயும், ஆனால் பாய்ந்த பிறகு அடுத்த முறை முழுவதும் நகராமல் மூச்சு வாங்கும். இது பூதம். ஆமைபோல் நகரும், ஓர் அடிக்கு விழாது. இவன் ஒற்றன். இவள் மந்திரக்காரி. ஒரு வரிசைச் சிரட்டைகளை ஊதியே விலக்குவாள், நெருப்பும் எறிவாள். ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இவள் மண் கொஞ்சம் உதிரும்.”

“உதிர்ந்து தீர்ந்தால்?”

“துடைப்பம் அந்த மூலையில் இருக்கிறது.”

கொற்றனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேம்பி சிரிக்கவில்லை.

“உங்கள் காய் அருகில் போனால்தான் சிரட்டை விலகும். ஆற்றில் ஒரு காய் நின்று கை கொடுத்தால்தான் மற்றொரு காய் கடக்கும். கை கொடுத்த காயைக் கரையேற்ற, கடந்த காய் திரும்பி வந்து கை நீட்ட வேண்டும். அடிபட்டு விழும் காய் இந்தத் தட்டுக்கு வந்துவிடும். துணை எட்டாத கட்டத்தில் விட்டுவிட்ட காயைச் சிரட்டை மூடிக்கொள்ளும்.”

“மூடிக்கொண்டால்?”

“உங்கள் கையை விட்டுப் போயிற்று.”

“நான் நகராமல் ஓரிடத்திலேயே நின்றுகொண்டால்?”

“ஒவ்வொரு முறையும் உங்கள் பின்புறத்திலும் ஒரு சிரட்டை கவிழும். நிற்க முடியாது.”

“வெற்றி?”

“கோட்டை வாயிலில் உங்கள் காய் நுழைவது.”

கொற்றன் பலகையின் எதிர்ப்புறத்தைப் பார்த்தார். அங்கே மணை இல்லை. விளக்கு இல்லை. ஒரு சுவர்கூட இல்லை. கூடம் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. குன்றின் பனி மெல்ல உள்ளே வந்து பலகையின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

“என்னோடு ஆடுகிறவர் எங்கே?”

“இன்னும் வரவில்லை.”

“எப்போது வருவார்?”

“நீங்கள் வரவழைக்கும்போது.”

*

முறை முடிந்ததும் “முடித்தேன்” என்று சொல்ல வேண்டும். பிறகு பலகைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து அமர வேண்டும். கல்லில் சிரட்டை உரசும் ஓசை கேட்கும். ஓசை அடங்கிய பிறகே திரும்ப வேண்டும்.

கொற்றன் முதல் முறையிலேயே எல்லாக் காய்களையும் நகர்த்தினார்.

“ஏன் இவ்வளவு அவசரம்?” என்றாள் வேம்பி.

“படை என்றால் நகர வேண்டும்.”

“நகர்ந்தது சரி. இப்போது எந்தக் காய் எந்தக் காய்க்குத் துணை?”

“நீ ஆட்டத்தை மட்டும் கற்றுக்கொடு. போரை நான் அறிவேன்.”

ஒற்றனை மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே ஓட்டினார். “முடித்தேன்” என்று திரும்பி அமர்ந்தார்.

இரண்டு சிரட்டைகள் உரசின.

திரும்பிப் பார்த்தபோது ஒன்று பின்புறத்திலும், மற்றொன்று ஒற்றன் நின்ற கட்டத்திலும் கவிழ்ந்திருந்தன.

“போகட்டும். போவதற்கென்றே இருப்பவன்தான் ஒற்றன்” என்றார் கொற்றன்.

அடுத்த முறைகளில் காலாட்களை ஒவ்வொருவராகத் தனியே நிறுத்தி, அவர்களைத் தின்ன வருவது எதுவானாலும் அதன்மேல் யாளி பாயும்படி ஏற்பாடு செய்தார். எதுவோ வந்தது. யாளி பாய்ந்தது. பாய்ந்த யாளி மூச்சு வாங்கியபோது பக்கத்துச் சிரட்டைகளிலிருந்து இன்னும் இரண்டு வந்தன.

கொற்றன் மேலும் காலாட்களைத் தனியே நிறுத்தினார். மேலும் சிரட்டைகள் உரசின.

விளக்கு வைக்கும் வேளைக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மந்திரக்காரி ஒரு மந்திரத்தையும் செலவழிக்காமல், புதுக்கருக்கு அழியாமல், சிரட்டைக்குள் போனாள்.

“இவளை ஏன் பயன்படுத்தவில்லை?” என்றாள் வேம்பி.

“கடைசி நெருக்கடிக்கென்று வைத்திருந்தேன்.”

“நெருக்கடி வந்து, உட்கார்ந்து, வெற்றிலை போட்டுவிட்டுப் போய்விட்டது, ஐயா. நீங்கள்தான் கவனிக்கவில்லை.”

கொற்றனுக்கு முகம் சிவந்தது. ஆயினும் மறுநாள் காலையில் அவரே முதலில் வந்து பலகையின் முன் அமர்ந்தார்.

*

நாள்தோறும் மழை பெய்தது. நாள்தோறும் அவர் தோற்றார். ஆனால் முன்னைவிடத் தாமதமாகத் தோற்றார்.

வேம்பி அளந்துதான் பேசுவாள்.

“காவல் வைக்க முடியாத கட்டத்தைத் திறக்காதீர்கள்.”

இன்னொரு நாள்: “பின்வாங்குவதும் நகர்வுதான். உங்கள் காய்களின் கால்களுக்கு முன்பக்கம் மட்டுமா இருக்கிறது?”

இன்னொரு நாள், யாளியை மூச்சு வாங்காமல் மறுபடியும் ஓட்ட முயன்றபோது அவர் புறங்கையில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒரு நாள் செந்நூல் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

“சண்டையில் பிழைத்த காயின் கழுத்தில் இதைக் கட்டுங்கள். அடுத்த சண்டையில் அது இருமுறை அடிக்கும். நூல் கட்டிய காயைப் புதுக்காய்போலச் செலவழித்துவிடாதீர்கள்.”

கொற்றன் தம் கையாலேயே கட்டினார். அவர் தந்தை அவருக்குக் கற்றுத்தந்த முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்கும் வழியைக் கட்டியவன் மட்டுமே அறிவான்.

ஆனால் ஓர் ஐயம் அவரை அரித்தது. சிரட்டைகளை நகர்த்துவது யார்?

வேம்பி அல்லள். அவளும் அவர் அருகிலேயே சுவரைப் பார்த்து அமர்வாள். வீட்டில் வேறொருவரும் இல்லை. குன்றில் வேறு வீடும் இல்லை.

பலகையின்மேல் ஈரக் காலடிகள் மட்டும் இருக்கும். விரல்நகம் அளவேயான காலடிகள்.

ஒரு நாள் “முடித்தேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி அமர்ந்தவர், துடைப்பவர்போல வாளை உருவி மடியில் கிடத்தினார். வாளின் பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. மெல்லச் சாய்த்தார்.

பலகை தெரிந்தது.

எந்தக் கையும் அதன்மேல் இல்லை. சிரட்டைகள் தாமாகவே விளிம்பளவு தூக்கிக்கொண்டு நின்றன. முக்காட்டை விலக்கிப் பார்ப்பவர்களைப்போல.

அதுகூட அவரை அவ்வளவாக நடுக்கவில்லை. அவருடைய சொந்தக் காய்கள், கோட்டையைப் பார்த்து அவர் நிறுத்திய காய்கள், ஒன்றுவிடாமல் திரும்பி நின்றன. அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன.

கொற்றன் கண்களை மூடிக்கொண்டார்.

“நல்ல வாள். நன்றாகப் பளபளக்கிறது” என்றாள் வேம்பி, சுவரைப் பார்த்தபடியே.

ஓசை அடங்கிற்று. அவர் திரும்பியபோது காய்கள் கோட்டையை நோக்கியே நின்றன.

“என் காய்கள் ஏன் என்னைப் பார்த்தன, அம்மையே?”

அவர் அவளை அம்மையே என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

“நீங்கள் சுவரைப் பார்க்கும்போது அவை வேறு எதைப் பார்க்கும்?”

*

அந்த ஆட்டத்தை அவர் நன்றாக ஆடினார். வில்லாட்களை மேட்டில் ஏற்றினார். பூதத்தை முன்னே நிறுத்தி அதன் நிழலில் மற்றவர்களை நடத்தினார். மந்திரக்காரியைத் தேவைப்பட்டபோது தயங்காமல் பயன்படுத்தினார். ஆற்றையும் கடந்துவிட்டார்.

கடந்தபோது ஒரு காலாளை மட்டும் நீரிலேயே விட்டார். கழுத்தில் நூல் கட்டிய காலாள். திரும்பிப் போய்க் கை நீட்டுவதற்கு ஒரு முறை வீணாகும் என்று அவருக்குத் தோன்றிற்று.

சிரட்டை உரசியது. இன்னும் சில முறைகள் சென்றன.

பிறகு கோட்டைப் பக்கத்துச் சிரட்டை ஒன்று சாய்ந்தது. அதிலிருந்து ஒரு காலாள் வெளிவந்து அவருடைய வில்லாளை வெட்டிற்று. இருமுறை வெட்டிற்று.

கொற்றன் குனிந்து பார்த்தார். அந்தக் காலாளின் கழுத்தில் செந்நூல் இருந்தது.

நூலின் முடிச்சை அவர் விரல் தொட்டது. விரலுக்கு அந்த முடிச்சைத் தெரிந்திருந்தது.

“இது என் காய்! எதிரி என் காயைத் திருடிவிட்டான்!”

“எதிரியா?” என்றாள் வேம்பி.

அவள் கையை நீட்டிக் கோட்டைப் பக்கத்துச் சிரட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

முதல் சிரட்டையில் ஒற்றன். அவன் காது மூளியாக இருந்தது; எடுத்து வைத்த முதல் நாளே தம் நகம் பட்டு உடைந்த காது என்பது கொற்றனுக்கு நினைவிருந்தது. அடுத்ததில் ஒரு காலாள். அடுத்ததில் இன்னொரு காலாள். அதற்கடுத்ததில், மேட்டுக்கு ஏற்றாமல் அவர் மறந்துவிட்ட வில்லாள்.

எல்லாம் அவருடைய காய்கள். வேறெந்தக் காயும் அங்கே இல்லை.

“இந்த ஆட்டம் தொடங்கியபோது இந்தப் பக்கம் என்ன இருந்தது?” என்று கேட்டாள்.

“ஒன்றும் இல்லை.”

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

மறுநாள் கொற்றனின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

“சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன், அம்மையே! இரையாக ஒருவனையும் வைக்கக்கூடாது. வைத்தால்தானே எதிரி பிறக்கிறான்? வைக்காவிட்டால் வெறும் களத்தில் நடந்துபோய்க் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம்.”

“ஆடுங்கள்.”

“ஒரு காய்க்குப் பெயர் வைத்துக்கொள்ளலாமா?”

“வைத்துக்கொள்ளுங்கள்.”

காலாட்களில் மிகச் சிறியதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“இவன் தித்தன்.”

“மற்றவற்றுக்கு?”

“மற்றவை காய்கள்தானே.”

வேம்பி சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்தாள்.

அந்த ஆட்டத்தைப்போல ஓர் ஆட்டத்தை அவர் வாழ்நாளில் ஆடியதில்லை. ஒருவனையும் தனியே விடவில்லை. ஒற்றனைக்கூடக் கூப்பிடு தூரத்தில்தான் நடத்தினார். முறை முடிந்து சுவரைப் பார்த்து அமர்ந்தால், பின்னால் கவிழும் அந்த ஒற்றைச் சிரட்டையின் ஓசை மட்டுமே கேட்டது. எதிர்ப்புறம் அமைதியாக இருந்தது.

ஆற்றை அடைந்தார்.

ஒற்றன் நீரில் இறங்கிக் கை கொடுத்தான். தித்தன் முதலில் கடந்தான்.

அடுத்த முறையில் தித்தன் திரும்பி வந்து கை நீட்டினால் ஒற்றன் கரையேறுவான். ஆனால் தித்தன் நின்ற கட்டத்தை ஒட்டியே சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. கொற்றன் தித்தனைக் கையிலெடுத்தார்.

“இந்த ஒருமுறை மட்டும்” என்று முணுமுணுத்தார்.

தித்தனை மேட்டுக்கு நகர்த்தினார்.

“முடித்தேன்.”

இரண்டு சிரட்டைகள் உரசின.

எதிர்ப்புறம் இப்போது வெறுமையாக இல்லை. ஒற்றன் அங்கே இருந்தான். ஆகவே தித்தனைச் சுற்றிக் காவல் தேவைப்பட்டது. காவலுக்கு ஆட்களைக் கடத்த வேண்டியிருந்தது. கடத்துவதற்கு யாரேனும் நீரில் நிற்க வேண்டியிருந்தது. நின்றவனைக் கரையேற்றத் தித்தனின் அருகிலிருந்து ஒருவனை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினால் அந்தப் பக்கம் திறந்துவிடும்.

அவர் அனுப்பவில்லை.

பூதம் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. அது நடந்து வரும்வரை காத்திருந்தால் தித்தனின் தலைக்குமேல் சிரட்டை வந்துவிடும்.

யாளி மூச்சு வாங்கும்போது அதற்குத் துணை நிற்க வேண்டியவனைத் தித்தனிடம் அழைத்துக்கொண்டார்.

மந்திரக்காரி தித்தனைச் சூழ்ந்த சிரட்டைகளை ஊதி விலக்கினாள். மறுபடியும் விலக்கினாள். அவள் தோள் உதிர்ந்தது. முகம் உதிர்ந்தது. கடைசி மந்திரத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சிட்டிகை மண் இருந்தது. கொற்றன் அதைப் பார்க்கவில்லை. தித்தனுக்கு முன்னே எந்தக் கட்டம் திறந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றி நின்ற வில்லாட்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஓசை நீண்டுகொண்டே போயிற்று.

ஆட்டம் சில நாள் நீண்டது. ஒரு நண்பகலில் தித்தன் கோட்டை வாயிலுக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றான். அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. களத்தில் கொற்றனுக்கென்று வேறொரு காயும் இல்லை.

“அடுத்த முறையில் உள்ளே!” கொற்றன் குழந்தையைப்போலத் தொடையைத் தட்டினார். “கோட்டையும் விழும், மகனும் விழமாட்டான். இரண்டும் நடந்துவிட்டன, அம்மையே! முடித்தேன்!”

சுவரைப் பார்த்து அமர்ந்தார்.

ஓசை இல்லை.

ஒரு சிரட்டைகூட உரசவில்லை. குன்றின்மேல் மழையின் ஓசை மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் நெடுநேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

எல்லாச் சிரட்டைகளும் நிமிர்ந்து கிடந்தன. தித்தன் கோட்டை வாயிலில் நின்றான். அவனுக்குப் பின்னே ஒற்றனும் யாளியும் பூதமும், காலாட்களும் வில்லாட்களும் வரிசையாக நின்றார்கள்.

தித்தனின் முகம் அவரை நோக்கித் திரும்பியிருந்தது. கையில் வாள் இருந்தது.



“இவன் ஏன் அங்கே போனான்? நான் இவனை ஒருமுறையேனும் கைவிடவில்லையே!”

“ஆம். இவனை மட்டும்” என்றாள் வேம்பி.

*

“ஆட்டம் முடிந்தது. என்னிடம் காய் எதுவும் இல்லை.”

“முடியவில்லை. இப்போது உங்கள் முறை.”

“எதைக் கொண்டு ஆடுவேன்?”

வேம்பி பலகையைக் காட்டினாள்.

கொற்றன் பலகையையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பலகையிலிருந்த அனைவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடத்தின் திறந்த பக்கத்தில் பனி அசையாமல் நின்றது.

அப்போது வாசலில் யாரோ செருமினார்கள்.

பாசறையிலிருந்து வந்த தூதுவன். ஆதன் என்று பெயர். கொற்றனின்கீழ் நெடுங்காலம் பணியாற்றியவன். முழங்கால்வரை சேறாக இருந்தான்.

“கீழே மழை நின்று சில நாளாயிற்று, தலைவரே. ஆற்றில் இடுப்பளவு நீர்தான் ஓடுகிறது. விடிந்ததும் தூசிப்படையை நடத்தத் தித்தனார் ஆயத்தமாக இருக்கிறார். தங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்.”

கொற்றன் தலையை உயர்த்தவில்லை.

“கோட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாயா?”

ஆதன் வேம்பியை ஒருமுறை பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

“பார்த்தேன். நானே ஆற்றைக் கடந்துபோய்ப் பார்த்தேன். பழைய பகைவர் ஒருவரும் அங்கே இல்லை, தலைவரே. அவர்கள் கோட்டையை விட்டுப் போய் நெடுநாள் ஆகியிருக்கும்போலத் தோன்றுகிறது.”

“வெறுங்கோட்டையா?”

“இல்லை. மதிலின்மேல் ஆட்கள் நிற்கிறார்கள்.”

“யார்?”

“நம் தோற்கவசம் அணிந்திருக்கிறார்கள்.” ஆதனின் குரல் தாழ்ந்தது. “என் அண்ணன் நிற்கிறான்.”

“உன் அண்ணன்?”

“கூழைப்படையில் இருந்தானே, தலைவரே. சென்ற ஆண்டு.”



“உன்னோடு பேசினானா?”

“இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்த்தான். அவ்வளவுதான்.”

“உயிரோடு…”

“தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். ஆனாலும் தெரியவில்லை.” ஆதன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பாசறையில் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூசிப்படை நகராது. தித்தனாரிடம் என்ன சொல்லட்டும்? அவரை நடுப்படைக்கு மாற்றிவிட்டு முன்னே வேறு யாரையேனும் அனுப்பட்டுமா? எளிய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். போகச் சொன்னால் போவார்கள்.”

கொற்றன் எழுந்தார். முழங்காலில் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது.

“ஒருவரும் நகர வேண்டாம். இக்கரையிலேயே இருக்கட்டும். தித்தனும்.”

“அரசரின் ஆணை…”

“அதற்கு நான் விடை சொல்லிக்கொள்கிறேன். இப்போது நான் ஆற்றைக் கடக்கிறேன்.”

“தாங்களா? யாருடன்?”

“ஒருவருடனும் இல்லை.”

ஆதன் சுவரில் சாய்த்திருந்த வாளை எடுத்து இரு கைகளாலும் நீட்டினான். கொற்றன் அதைக் கடந்து வாசலுக்குப் போய்விட்டார். படிகளில் பனி அடர்ந்திருந்தது. ஆதன் வாளை ஏந்தியபடியே பின்னால் ஓடினான்.

“சற்று நில்லுங்கள், தலைவரே! கவசம் இல்லை, கொடி இல்லை. மதிலின்கீழ்ப் போய் நின்றவுடன், யார் நீ என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

கொற்றன் திரும்பாமலே சொன்னார்.

“கேட்கமாட்டார்கள்.”